ஒரே பத்திரத்துக்கு ஏழெட்டு வெர்ஷன்: ஜாப்லினில் குழப்பமில்லாமல் வைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

ஒரு மனை வாங்கும்போது கிரயப் பத்திர வரைவு எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். கடலூரில் பத்திர எழுத்தர் அடித்துக் கொடுக்கிறார், மஞ்சக்குப்பத்தில் அப்பா அதைப் படித்துப் பேனாவால் திருத்துகிறார், பாண்டி லாஸ்பேட்டையில் இருக்கும் தம்பி போனிலேயே இரண்டு வரி மாற்றி வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்புகிறார், வக்கீல் தனியாக ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார். பதிவுக்கு முதல் நாள் ராத்திரி "எதுப்பா கடைசி?" என்று கேட்டால் ஆளுக்கொரு ஃபைலைக் காட்டுவார்கள்.

கடலூரிலும் பாண்டியிலும் தெரிந்தவர்களுக்கு இந்தக் காகித வேலையில் கூட உட்கார்ந்து உதவுகிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். அந்த இடங்களை வைத்தே இந்த வழிகாட்டியை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசை முக்கியம். நான்காவது படியை இரண்டாவதாகச் செய்தால் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டிவரும்.

ஜாப்லின் என்பது குறிப்பெடுத்து வைக்கும் ஒரு செயலி. அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும், நெட் இல்லாவிட்டாலும் உங்கள் குறிப்புகள் உங்கள் கணினியிலேயே இருக்கும். நீங்கள் ஒன்நோட்டோ அப்சிடியனோ வைத்திருந்தாலும் வரிசை இதேதான், மெனுப் பெயர்கள் மட்டும் மாறும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினி ஒன்று கட்டாயம். போனில் மட்டும் இதைச் செய்ய முயன்றவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஃபைல் பெயர் மாற்றுவது, இரண்டு வரைவை ஒப்பிடுவது இரண்டும் சின்னத் திரையில் வேதனை. போன் பார்ப்பதற்கும் படம் பிடித்துச் சேர்ப்பதற்கும் போதும்.

ஜாப்லினைக் கணினியிலும் போனிலும் நிறுவிக்கொள்ளுங்கள். லிப்ரே ஆஃபீஸ் அல்லது வேர்டு ஒன்று வேண்டும். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் உங்களிடம் இருந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போல ஒரு மாற்றியும் வேண்டும். அதன் தேவை ஐந்தாவது படியில் வரும்.

சிங்க் செய்ய, அதாவது கணினியிலும் போனிலும் ஒரே குறிப்புகள் இருக்கும்படி வைக்க, டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட், ஜாப்லின் கிளவுட் என்று பல வழி உண்டு. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. கணினியில் ஒரு சேவை, போனில் இன்னொரு சேவை என்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. அப்புறம் போனில் சேர்த்த ஸ்கேன் கணினியில் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

என்கிரிப்ஷனை (கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) முதல் ஃபைலைச் சேர்க்கும் முன்பே போட்டுவிடுங்கள். ஆதார், பான், சொத்து விவரம் எல்லாம் உள்ளே போகப்போகிறது. பிறகு போட்டால் ஏற்கெனவே ஏற்றியது அத்தனையையும் மறுபடி ஏற்றியாக வேண்டும். போடுவதிலும் வரிசை உண்டு: முதலில் ஒரு கருவியில் மட்டும் போடுங்கள், அது முழுக்க சிங்க் ஆகி முடியட்டும், அப்புறம் அடுத்த கருவியில் சிங்க் செய்யுங்கள், அது தானாகவே கடவுச்சொல் கேட்கும். அவசரப்பட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் இரண்டு தனித்தனிச் சாவிகள் உருவாகிவிடும்.

அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். மறந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: இந்த என்கிரிப்ஷன் சிங்க் வழியில் போகும் ஃபைலுக்குத்தான். உங்கள் கணினிக்குள் இருப்பது திறந்துதான் இருக்கிறது. கணினிக்கும் போனுக்கும் லாக் போட வேண்டியது தனி வேலை.

2. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள், எதையும் அழிக்காதீர்கள்

கணினியில் "வந்தவை" என்று ஒரு ஃபோல்டர். வாட்ஸ்அப்பில் வந்தது, மெயிலில் வந்தது, பென் டிரைவில் எழுத்தர் கொடுத்தது, அப்பா பேனாவால் திருத்திய தாளின் படம், எல்லாம் அதில். இப்போதைக்குப் பெயர் மாற்றவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்ததும் "ரீப்ளேஸ்" என்று அழுத்திவிடுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளடக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. "இரண்டையும் வைத்துக்கொள்" என்பதைத்தான் அழுத்த வேண்டும்.

அடுத்தது தேதி. கணினி காட்டும் "மாடிஃபைட்" தேதியை வைத்து எது புதியது என்று முடிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கினால் பல நேரம் இறக்கிய நாள்தான் அங்கே காட்டும். போன வாரம் வந்த வரைவை இன்றைக்கு இறக்கினால் அதுதான் புதியது மாதிரித் தெரியும். அதனால் சாட்டையே திறந்து, யார் எந்தத் தேதியில் அனுப்பினார் என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மீதி எல்லாப் படியும் இந்தக் குறிப்பின் மேல்தான் நிற்கிறது.

பேனா திருத்தம் உள்ள தாளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், ஓரத்தில் சின்னதாக எழுதிய எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் போகும்.

3. எது வெர்ஷன், எது வேறு ஆவணம் என்று பிரியுங்கள்

ஒன்றை மாற்ற இன்னொன்று வந்தால் அது வெர்ஷன். கிரய வரைவு ஒன்று, இரண்டு, மூன்று என்பது அப்படித்தான். மூன்று வந்த பிறகு இரண்டை யாரும் கையெழுத்துக்கு எடுக்கக் கூடாது.

வில்லங்கச் சான்றிதழ் (இ.சி.) அப்படி இல்லை. 1990 முதல் 2010 வரை போட்ட இ.சி. ஒன்று, 2010 முதல் இன்று வரை போட்டது ஒன்று என்றால் புதியது பழையதை மாற்றவில்லை, இரண்டும் வேறு வேறு காலத்துக்கு. இரண்டும் வேண்டும். பெயரில் போட்ட தேதியோடு எந்தக் காலத்துக்கு என்பதையும் எழுதினால்தான் பயன். "புதுசு வந்துவிட்டதே" என்று பழைய இ.சி.யை அழித்துவிட்டு, வங்கியில் கேட்டதும் மறுபடி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டாவும் கிட்டத்தட்ட அதே மாதிரி. பெயர் மாறி புதுப் பட்டா வந்த பிறகும், பழைய பெயரில் இருந்த பட்டா சொத்து யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்று காட்டுகிறது. அது செல்லாத வெர்ஷன் இல்லை, முந்தைய ஆவணம்.

பாண்டிப் பக்கம் இன்னொரு வகை உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நோட்டரி முன் பிரெஞ்சு மொழியில் எழுதிய பத்திரம், அதற்குச் சான்றிட்ட நகல், பிறகு யாரோ செய்துகொடுத்த தமிழாக்கம் என்று மூன்றும் ஒரு உறையில் கிடக்கும். இவை மூன்றும் ஒரே ஆவணத்தின் மூன்று வடிவங்கள். மூலத்துக்கு வெர்ஷன் எண் கிடையாது, அது மாறாது. தமிழாக்கத்துக்கு மட்டும்தான் எண், ஏனென்றால் அதைத் திருத்தித் திருத்தி எழுதுவார்கள்.

4. பெயர் வைக்கும் முறை

ஒரே முறையை எடுத்து எல்லா ஃபைலுக்கும் போடுங்கள். நான் சொல்லும் அமைப்பு இது:

வண்டிப்பாளையம்-கிரயம்_வ03_2025-03-08_எழுத்தர்_அளவு-திருத்தம்

முதலில் சொத்தும் ஆவண வகையும், அடுத்து வெர்ஷன் எண், அடுத்து தேதி, யாரிடமிருந்து வந்தது, கடைசியில் என்ன மாறியது என்று ஓரிரு சொல்.

வ3 என்று போடாமல் வ03 என்று போடுவதற்குக் காரணம், எழுத்து வரிசைப்படி அடுக்கும் இடங்களில் வ10 என்பது வ2-க்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். தேதியில் ஆண்டை முன்னால் வைப்பதும் இதற்காகத்தான். 08-03-2025 என்று நம் வழக்கப்படி போட்டால் எல்லா மாதத்து எட்டாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

"ஃபைனல்" என்ற சொல்லைப் பெயரில் போடவே போடாதீர்கள். ஃபைனல், ஃபைனல்-புதுசு, ஃபைனல்-ஓகே என்று மூன்று இருக்கும் ஃபோல்டர் எல்லோர் வீட்டுக் கணினியிலும் உண்டு. ஒரு ஃபைல் கடைசியா இல்லையா என்பது நாளைக்கு மாறும், ஃபைலின் பெயர் மாறக் கூடாது. மாறும் தகவல் குறிப்புக்குள் இருக்கட்டும், மாறாத தகவல் மட்டும் பெயரில் இருக்கட்டும்.

ஏற்கெனவே குவிந்திருப்பவற்றுக்கு எண் கொடுக்கும்போது இரண்டாம் படியில் தாளில் எழுதிய தேதி வரிசையில் கொடுங்கள். எங்கே பொருந்தும் என்றே தெரியாத ஃபைலுக்கு வ00. ஊகித்து இடையில் செருகாதீர்கள்.

5. தமிழ் எழுத்தைச் சரிசெய்தல்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் படியே இருக்காது. நமக்கு இதைத் தாண்டிப் போக வழியில்லை.

தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த மாதிரிப் பத்திரங்களையே இன்னும் பல கடைகளில் எடுத்துத் திருத்தித் தருகிறார்கள். அப்படி வந்த வரைவின் வரிகளை ஜாப்லினில் ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி கேட்கிறார்கள். கெடவில்லை, எழுத்துரு வேறு, அவ்வளவுதான். எந்த எழுத்துரு என்று வேர்டில் பார்த்து, மாற்றியில் அதையே தேர்ந்தெடுத்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

மாற்றியதை மூலத்தின் மேல் சேமிக்காதீர்கள். மூல ஃபைல் அப்படியே இருக்கட்டும், மாற்றியதற்கு அதே வெர்ஷன் எண்ணோடு "ஒருங்குறி" என்று சேர்த்துத் தனியாக வையுங்கள். மாற்றிகள் சில இடங்களில் எழுத்தை விழுங்கும். முக்கியமாக எண்கள், ச.அடி, ரூபாய் குறி, ஸ்ரீ வரும் இடங்கள். இவற்றை மூலத்தோடு கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

ஒருங்குறியிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "கொ" என்பதை இரண்டு விதமாகப் பதிய முடியும்: ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒருங்குறித் தரமும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. "கௌ" எழுத ஔகாரக் குறிக்குப் பதிலாக கொம்பும் ளகரமும் அடிப்பது இன்னும் மோசம், அவை தரப்படியே வேறு வேறு எழுத்துகள். "கௌரி" என்று தேடினால் "கெளரி" என்று அடித்தது வராது. இரண்டு வரைவை ஒப்பிடும்போதும் மாற்றமே இல்லாத வரியில் மாற்றம் இருப்பதாகக் காட்டும். விற்பவர், வாங்குபவர் பெயர்களில் இந்த எழுத்துகள் இருந்தால் ஒரே மாதிரியாக மாற்றிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

6. ஒரு ஆவணத்துக்கு ஒரு தலைமைக் குறிப்பு

ஜாப்லினில் சொத்துக்கு ஒரு நோட்புக், அதற்குள் ஆவணத்துக்கு ஒரு குறிப்பு. எல்லா வெர்ஷனும் அந்த ஒரே குறிப்புக்குள் இணைப்புகளாக (அட்டாச்மென்ட்). வெர்ஷனுக்கு ஒரு குறிப்பு என்று போட்டால் பட்டியல் நீண்டுவிடும், எது எதற்குப் பின் என்ற தொடர்பு அறுந்துவிடும்.

குறிப்பு இப்படி இருக்கட்டும்:

நடப்பு: வ04. தம்பியிடம் படிக்கக் கொடுத்திருக்கிறது (12-03-2025)
வ04: 2025-03-11, வ03-இலிருந்து. வக்கீல் சொன்னபடி பொதுவழி உரிமை சேர்த்தது. [இணைப்பு]
வ03: 2025-03-08, வ02-இலிருந்து. தென்வடல் 50 அடி என்றிருந்ததை 60 அடி ஆக்கியது. [இணைப்பு]
வ02: 2025-03-05, வ01-இலிருந்து. விற்பவர் முகவரி. [இணைப்பு]
வ01: 2025-03-02, எழுத்தர் கொடுத்த முதல் வரைவு. [இணைப்பு]

புதியது மேலே. ஏனென்றால் போனில் திறந்ததும் கண்ணில் படுவது மேல் வரிதான்.

"வ02-இலிருந்து" என்ற அந்தச் சொல்லை யாரும் எழுதுவதில்லை, நானோ இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். மேலே உள்ள மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழமேல் 30 அடி, தென்வடல் 50 அடி என்று முதல் வரைவில் தவறாக வந்தது, வ03-இல் 60 என்று சரியாகிவிட்டது. ஆனால் வக்கீல் கையில் இருந்தது வ02. அவர் அதிலேயே பொதுவழி வாசகத்தைச் சேர்த்து அனுப்பினால், தேதிப்படி அது புதியது, பொதுவழி இருக்கிறது, ஆனால் 50 அடி மறுபடி வந்துவிட்டது. 1800 சதுர அடி மனை பத்திரத்தில் 1500 ஆகிவிடும். பொதுவழி வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் சரி சொல்லிவிடுவார்கள். எதிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதும் பழக்கம் இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

டேக், அதாவது குறிப்புக்கு ஒட்டும் அடையாளச் சொல், பற்றி ஒரு வார்த்தை. ஜாப்லினில் டேக் குறிப்புக்குத்தான் ஒட்டும், உள்ளே இருக்கும் இணைப்புக்கு ஒட்டாது. அதனால் "நடப்பு" என்பதை டேக்காகப் போட முயலாதீர்கள், அது முதல் வரியில் எழுத்தாகவே இருக்கட்டும். டேக்கை ஆவணத்தின் நிலைக்கு வையுங்கள்: வரைவு, கையெழுத்துக்கு, பதிவானது. மூன்று போதும்.

7. திருத்தும் சுற்று

தினமும் செய்யப்போவது இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை. ஜாப்லினில் ஒரு ஃபைலை இணைத்ததும் அது தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் இருக்கும் மூலத்துக்கும் அதற்கும் அந்த நொடியிலிருந்து தொடர்பு இல்லை. டெஸ்க்டாப் ஃபைலைத் திருத்திவிட்டு "ஜாப்லினில் பழையதே இருக்கிறதே" என்று கேட்பவர்கள் நிறைய.

அதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. குறிப்பில் இருக்கும் இணைப்பைக் கிளிக் செய்து வேர்டில் திறந்து, திருத்தி, சேவ் செய்வது. ஜாப்லின் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும், மாறியதும் இணைப்பை மாற்றிவிடும். மற்ற வேலைகளுக்கு இது வசதி. வெர்ஷன் வைத்திருக்கும் குறிப்பில் இது ஆபத்து, ஏனென்றால் வ03 என்ற பெயரில் வ04 உட்கார்ந்துவிடும், உண்மையான வ03 போயே போய்விடும்.

ஆகவே வரிசை இது. இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து "சேவ் ஆஸ்" மூலம் கணினியில் "வேலை" என்ற ஃபோல்டருக்கு எடுங்கள். திறக்கும் முன்பே பெயரை அடுத்த எண்ணுக்கு மாற்றுங்கள். திருத்திய பிறகு மாற்றலாம் என்று விட்டால் அவசரத்தில் மறக்கும். பிறகு திருத்துங்கள், சேமியுங்கள், மூடுங்கள். மூடிய பிறகு குறிப்பில் இணையுங்கள். திறந்திருக்கும்போதே இணைத்தால் கடைசியாகச் செய்த திருத்தம் அதில் இல்லாமல் போகலாம். அடுத்து எதிலிருந்து, என்ன, ஏன் என்று வரி எழுதி, "நடப்பு" வரியை மாற்றுங்கள். கடைசியாக "வேலை" ஃபோல்டரில் இருப்பதை அழித்துவிடுங்கள். அது எப்போதும் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது "நடப்பு" அங்கே முளைக்கும்.

வெளியே ஒருவருக்கு அனுப்பிய வெர்ஷனை அதற்கப்புறம் தொடவே கூடாது. ஒரே ஒரு கமாவை மாற்றினாலும் புது எண். அவர் கையில் இருக்கும் வ04-உம் உங்களிடம் இருக்கும் வ04-உம் ஒன்றே என்ற நம்பிக்கை போய்விட்டால் போனில் பேசிக்கூடச் சரிபார்க்க முடியாது. "நாலாம் பக்கம் மூணாவது வரி பாருங்க" என்றால் இரண்டு பேருக்கும் வேறு வேறு வரி வரும்.

படித்துப் பார்க்க மட்டும் அனுப்புவதென்றால் பிடிஎஃப் அனுப்புங்கள். திருத்தச் சொன்னால் மட்டும் மூல ஃபைல். பெரியவர்களிடம் இதைச் சொல்லும் விதம் முக்கியம்: "அப்பா, நீங்க தாள்லயே திருத்திக் கொடுங்க, நான் ஏத்திக்கிறேன்" என்றால் வேலை சுலபமாக முடிகிறது.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு இணைப்பின் லிங்கைக் காப்பி செய்து வேறு குறிப்பில் ஒட்டினால் இரண்டு ஃபைல் ஆவதில்லை, இரண்டு குறிப்பும் ஒரே ஃபைலைக் காட்டுகின்றன. ஒன்றில் திருத்தினால் இரண்டிலும் மாறும். அதே மாதிரி எந்தக் குறிப்பிலும் லிங்க் இல்லாமல் போன இணைப்பைச் சில நாள் கழித்து ஜாப்லினே அழித்துவிடும். வரியை வெட்டி வைத்துவிட்டு அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

8. இரண்டு பேர் ஒரே வெர்ஷனைத் திருத்திவிட்டால்

தம்பியும் வக்கீலும் வ04-ஐயே எடுத்துத் தனித்தனியாகத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். இதில் முதலில் வந்ததை வ05, அடுத்ததை வ06 என்று போடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிப் போட்டால் வ06-க்குள் வ05 இருக்கிறது என்று எண் பொய் சொல்லும்.

இரண்டுக்கும் வ05-தம்பி, வ05-வக்கீல் என்று பெயர் வையுங்கள். இரண்டையும் சேர்த்து நீங்கள் செய்வது வ06. குறிப்பில் "வ05-தம்பி, வ05-வக்கீல் இரண்டிலிருந்தும்" என்று எழுதுங்கள்.

சேர்ப்பதற்கு லிப்ரே ஆஃபீஸில் திருத்திய ஃபைலைத் திறந்து, எடிட் மெனுவில் ட்ராக் சேஞ்சஸ், அதில் கம்பேர் டாக்குமென்ட், பிறகு மூலமான வ04-ஐத் தேர்ந்தெடுங்கள். மாறிய இடங்கள் நிறத்தில் வரும். வேர்டில் ரிவ்யூ டேபில் கம்பேர். தம்பியுடையதை வ04-உடன், வக்கீலுடையதை வ04-உடன் என்று இரண்டு தடவை ஒப்பிடுங்கள். இரண்டு திருத்தங்களையும் நேராக ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எது யார் சேர்த்தது, எது யார் நீக்கியது என்று புரியாது.

இரண்டு ஃபைலும் ஒரே எழுத்துருக் குறியீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுப் பத்திரமும் மாறிவிட்டதாகக் காட்டும். வக்கீல் பிடிஎஃப் மட்டும் அனுப்பியிருந்தால் மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

எந்த மென்பொருள் ஒப்பிட்டாலும் சொத்து விவரத்தையும் செக்குபந்தியையும் (நான்கு எல்லை விவரம்) ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் தாளைப் பார்ப்பதை விடாதீர்கள். சர்வே எண், நான்கு எல்லை, அளவு, தொகை (எண்ணாலும் எழுத்தாலும்). இந்த நான்கும் ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும்.

9. ஜாப்லினின் சொந்த வரலாற்றை எவ்வளவு நம்பலாம்

குறிப்பின் எழுத்துக்கு ஜாப்லின் தானாகவே பழைய நிலைகளை வைத்திருக்கும். நோட் ப்ராப்பர்ட்டீஸில் "ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்" என்று இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்கும், இயல்பாக 90 நாள் வைத்திருக்கும். சொத்து வேலை 90 நாளில் முடியாது, ஆகவே ஆப்ஷன்ஸில் நோட் ஹிஸ்டரிக்குப் போய் அதைக் கூட்டிவிடுங்கள்.

பழையதை மீட்டால் இப்போதைய குறிப்பின் மேல் எழுதாது, "ரெஸ்டோர்டு நோட்ஸ்" என்ற நோட்புக்கில் தனியாக வைக்கும். பயமில்லாமல் மீட்கலாம்.

இது எல்லாம் எழுத்துக்குத்தான், இணைப்பு ஃபைலுக்கு இல்லை. இதை நம்பி இணைப்பின் மேலேயே திருத்தினால் திரும்ப எடுக்க வழி கிடையாது.

போனிலும் கணினியிலும் சிங்க் ஆகாமல் ஒரே குறிப்பை மாற்றினால் "கான்ஃப்ளிக்ட்ஸ்" என்று ஒரு நோட்புக் தோன்றும். பலர் அதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். அதில் இருப்பது உங்கள் கருவியில் செய்த மாற்றம். திறந்து, விட்டுப்போன வரியைத் தலைமைக் குறிப்பில் சேர்த்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

10. பதிவான பிறகு

பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்ததும் ஸ்கேன் செய்து தலைமைக் குறிப்பின் உச்சியில் சேர்த்து, குறிப்பின் தலைப்பில் ஆவண எண்ணையும் ஆண்டையும் போடுங்கள். டேக்கை "பதிவானது" என்று மாற்றுங்கள். "நடப்பு" வரி இனி வேண்டாம்.

வரைவுகளில் கையெழுத்துக்குப் போன கடைசி வரைவும், தொகையோ அளவோ எல்லையோ மாறிய வெர்ஷன்களும் இருக்கட்டும். எழுத்துப்பிழை மட்டும் திருத்திய வெர்ஷன்களை நீக்கலாம், ஆனால் அவற்றின் வரி குறிப்பில் இருக்கட்டும்.

பதிவான பத்திரத்தில் பிழை தெரிந்தால் அதற்கு இன்னொரு வெர்ஷன் போட முடியாது. பிழைத் திருத்தல் பத்திரம் என்று தனியாக எழுதிப் பதிய வேண்டும். அது புது ஆவணம், அதற்குத் தனிக் குறிப்பு, அதன் வரைவுகளுக்கு வ01-இலிருந்து எண். இரண்டு குறிப்பிலும் ஒன்றுக்கொன்று லிங்க் கொடுங்கள், ஏனென்றால் வங்கியில் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

11. வெளியே ஒரு நகல்

சிங்க் என்பது பேக்கப் இல்லை. ஒரு கருவியில் தவறாக அழித்தால் அந்த அழிப்பும் சேர்ந்தே சிங்க் ஆகும்.

மாதம் ஒரு முறையும், ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும், ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் ஜெக்ஸ் (JEX, ஜாப்லினின் சொந்த வடிவம்) வடிவில் எடுங்கள். நோட்புக், டேக், இணைப்பு எல்லாம் ஒரே ஃபைலாக வரும். ஜாப்லினின் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து எடுத்தவர்களுக்கு ஒரு சிக்கல்: உள்ளே இணைப்புகள் நீங்கள் வைத்த பெயரில் இருக்காது, நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளத்தில் இருக்கும். பத்திரத்தைத் தேடி எடுக்கவே முடியாது. ஜெக்ஸ் ஃபைல் என்கிரிப்ட் ஆகாமல்தான் வரும், ஆகவே கடவுச்சொல் போட்ட ஜிப்பிலோ பூட்டிய டிரைவிலோ வையுங்கள். பதிவான பத்திரங்களை மட்டும் தனியாக பிடிஎஃப் ஆகவும் அதோடு போடுங்கள், ஜாப்லின் இல்லாத கணினியிலும் திறக்க.

அந்த டிரைவ் அதே வீட்டில் இருக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரை கடந்ததும், 2024 நவம்பர் 30 அன்று பாண்டி அருகே ஃபெஞ்சல் கரை கடந்து அடுத்து வந்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூருக்குள் வந்ததும் நமக்குத் தெரியும். கடலூரில் இருப்பவரின் நகல் பாண்டியில் இருந்தாலும் அதே புயல் பாதைதான். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் நெருங்கிய உறவினர் வீட்டில் ஒன்று வையுங்கள். சிங்க் சேவையிலும் ஒன்று இருக்கும். ஐப்பசி பிறக்கும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

எடுத்ததைச் சோதிக்கவும் வேண்டும். ஜாப்லினில் ஃபைல் மெனுவிலிருந்து புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி, அந்த ஜெக்ஸ் ஃபைலை அதில் இம்போர்ட் செய்யுங்கள். உங்கள் உண்மையான குறிப்புகளோடு கலக்காது. ஒரு தலைமைக் குறிப்பைத் திறந்து, மேலே உள்ள இணைப்பையும் அடியில் இருக்கும் வ01-ஐயும் கிளிக் செய்து, இரண்டும் தமிழாகவே திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அந்தச் சோதனை ப்ரொஃபைலை நீக்கிவிட்டு டிரைவின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள்.